பூட்டுத் துளையில் குடிவந்தவள்

சித்தி,

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பியவள் அடுத்த வீட்டு வேலியோரம் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டு மராத்திக்காரி காக்கூவின் ரோஜாச் செடியில் ஓர் இலையின் ஓரம் பிறை வடிவத்தில் வெட்டப்பட்டிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாலும் அத்தனை சுத்தமாக வராது. பக்கத்து இலையிலும் ஒரு வெட்டு. விரலால் தொட்டுப் பார்த்தேன். விளிம்பில் இன்னும் ஈரம் இருந்தது. அவள் வந்துபோய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருக்க வேண்டும்.

அதற்குள் என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறி மாட்டுங்காவில் இறங்கும்வரை உங்களோடு பேசிக்கொண்டே போனேன், வாயைத் திறக்காமல். கணக்கு வகுப்பிலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டது என் காதில் விழவே இல்லையாம். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன். இதை எந்தத் தபால் பெட்டியிலும் போட முடியாது என்று எனக்குத் தெரியும்.

அவள் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த ஒரு வெள்ளிக்கிழமை. கோவிலுக்குப் போக எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறோம். அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சாவியை நுழைக்கிறாள். சாவி போகவில்லை.

"இது என்ன, சாவி உள்ள போவ மாட்டேங்கு?"

"தள்ளு, நான் பாக்கேன்" என்று சித்தப்பா குனிந்தார். குனிந்த வேகத்திலேயே பின்னால் குதித்தார். பூட்டுத் துளையிலிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்து அவர் மூக்கைச் சுற்றிவிட்டுப் பறந்தது. ஆலையில் எத்தனையோ பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறவர், ஒரு பூச்சிக்கு அப்படிக் குதித்ததைப் பார்த்து நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

அம்மாதான் சொன்னாள்: "ஏ, குளவில்லா கூடு கட்டிருக்கு!"

அவ்வளவுதான். எல்லார் முகமும் உங்கள் பக்கம் திரும்பியது. அப்பாகூடத் திரும்பினார், பிறகு வெட்கப்பட்டுக் கூரையைப் பார்த்தார். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது நம் வீட்டில் இத்தனை பாரமான விஷயம் என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான். உங்கள் சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை.

கூட்டைக் கலைக்கக் கூடாது என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். கலைக்காவிட்டால் கதவைப் பூட்ட முடியாது. பூட்ட முடியாவிட்டால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தாக வேண்டும். யார் என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அன்று நாங்கள் தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தலையில் வைத்திருந்த பூவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தீர்கள்.

மழைக்கு முன்னால் நடந்ததை நான் மறக்கவில்லை. மாட்டுங்காவிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவையும் சித்தப்பாவையும் பம்பாய்க்கு அழைத்து வந்து, தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, வேலையில் சேர்த்துவிட்டவள் அவள். அதனால் அவள் உட்கார்ந்தால்தான் அப்பா உட்காருவார். அன்று முன்னறையில் அவள் பேசியது சமையலறைவரை தெளிவாகக் கேட்டது.

"இத்தன வருஷம் பாத்தாச்சு. இனி என்னத்தப் பாக்க? அவள ஊருக்கு அனுப்பிட்டு, தம்பிக்கு இன்னொரு எடம் பாக்கட்டா?"

"சட்டம் ஒத்துக்காதே அக்கா" என்றார் அப்பா.

"ஒங்க சட்டம் வந்து தொட்டில் கட்டுமா?"

நீங்கள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். குழவியின் சத்தம் நின்றது. நான் உங்கள் எதிரில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு வரியும் படிக்காமல். சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று நாம் இரண்டு பேரும் காத்திருந்தோம். அவர் செய்தித்தாளைத் திருப்பும் சத்தம்தான் கேட்டது. பிறகு குழவி மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

அந்த அத்தைதான் குளவி வந்த செய்தி கேட்டு மறுநாளே வாழைப்பழச் சீப்போடு வந்தாள். கதவில் பூட்டுக்கு மேலே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். துளை பாதி அடைந்திருந்தது. உள்ளே இருந்தது காய்ந்து கறுத்துப்போயிருந்ததால் பார்க்க மண் மாதிரியே இருந்தது. "சரி, அடுத்த வருஷம் வரைக்கும் பாப்போம்" என்றாள். போகும்போது உங்கள் கன்னத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டாள். உங்களுக்கு ஒரு வருஷம் கிடைத்தது, சித்தி. ஒரு பூச்சி கொடுத்தது.

அது குளவி இல்லை என்று முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்ததால் அது வருவதையும் போவதையும் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்குவதற்குள் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஏட்டி, இங்க வா. குளவின்னா மண்ணுல்ல கொண்டு வரும்? இது எலையச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிட்டு வருது பாரு."

பார்த்தேன். வயிற்றுக்குக் கீழே ஒரு பச்சைத் துண்டை அணைத்துக்கொண்டு வந்தது. துளைக்குள் போனது. வந்தது. மறுபடியும் போனது. இன்னொரு தடவை இலை இல்லாமல் வந்தபோது அதன் அடிவயிறு முழுக்க மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

மறுநாள் பள்ளி நூலகத்தில் தேடினேன். பூச்சிகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் அதிகம் இல்லை போலிருக்கிறது, பக்கங்கள் ஒட்டியிருந்தன. வீட்டுக்கு எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்களுக்குத் தமிழில் சொன்னேன். இது தேனீ. ஆனால் கூட்டமாக வாழாது. ராணி இல்லை, வேலைக்காரத் தேனீக்கள் இல்லை. ஒவ்வொன்றும் தனியாக ஒரு துளையைத் தேடி, இலையை வெட்டி வந்து கிண்ணம் மாதிரி செய்யும். அதில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து வைத்து, மேலே ஒரு முட்டை இட்டு, இலையாலேயே மூடும். அதற்கு முன்னால் இன்னொரு கிண்ணம். துளை நிறைந்ததும் வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். திரும்பி வராது.

"அப்போ பிள்ளை வெளிய வரும்போது தாய் இருக்காதா?"

"இருக்காதாம், சித்தி. அதுக்குள்ள செத்துப் போயிருமாம்."

நீங்கள் பூட்டுத் துளையை எட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "அதான் சோத்தக் கட்டி வச்சிட்டுப் போவுது" என்றீர்கள்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தை அம்மாவிடமோ அத்தையிடமோ சொல்ல வேண்டுமா என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நான் புத்தகத்தை மூடினேன். நீங்கள் அதை என் பைக்குள் அடியில் வைத்தீர்கள்.

அந்த மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். வீட்டில் எல்லாரும் போனார்கள். பரீட்சை என்று பொய்க்காரணம் சொல்லி நான் உங்களோடு தங்கிக்கொண்டேன். நீங்கள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"இந்த ஒத்தப் பூச்சிக்காகத் தெருமுனைக்குக்கூடப் போவ முடியலையே! அதுக்கு வேற வீடு கட்டிக் குடுத்தா என்னட்டி?"

"கட்டலாம் சித்தி. மூங்கில் போதும்னு போட்டிருக்கு."

"என் வாத்தியாரம்மா! இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

மழைக்காகத் தாழ்வாரத்தில் கட்டியிருந்த தட்டியைப் பிரித்துத் தோட்டத்து மூலையில் போட்டிருந்தார்கள். அதன் ஓர மூங்கில்கள் மெல்லிசாக, பென்சில் நுழையும் அளவுக்குத் துளையோடு இருந்தன. அப்பாவின் ரம்பத்தை எடுத்து வந்து அறுத்தோம். ஒரு பக்கம் கணு இருக்க வேண்டும், அப்போதுதான் பின்புறம் அடைந்திருக்கும். நான் அறுத்ததில் பாதி கணுவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. "படிச்ச புள்ள அறுத்த லட்சணத்தப் பாரு, ரெண்டு பக்கமும் வாசல்! காத்தோட்டமா இருக்கும்" என்று அவற்றை எடுத்துக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தீர்கள். வாய்ப்பக்கத்துச் சிலும்பை எல்லாம் சந்தனக் கல்லில் தேய்த்து மழமழப்பாக்கினீர்கள். இறக்கை கிழிந்துவிடுமே என்று. பிறகு எல்லாவற்றையும் கத்தையாகக் கயிற்றால் கட்டிக் கூரை ஓரத்தில் தொங்கவிட்டோம்.

ஒரு தேனீயும் வரவில்லை.

வந்து எட்டிப் பார்க்கும். காற்றில் கத்தை ஆடும். போய்விடும். இரண்டு வாரம் அப்படியே போனது. எனக்கு அழுகை வந்தது. புத்தகத்தை மறுபடி மறுபடி புரட்டினேன். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆடுத வீட்டுல யாரு பிள்ளையப் போடுவா?" என்று சொல்லி ஏணியில் ஏறினீர்கள். கத்தையைத் தாழ்வாரத் தூணோடு சேர்த்து இறுக்கிக் கட்டினோம். காலை வெயில் படும்படி, சாரல் அடிக்காதபடி. எறும்பு ஏறாமலிருக்கத் தூணைச் சுற்றி மண்ணெண்ணெய்த் துணி. அந்த வாரமே ஒரு மூங்கிலின் வாயில் பச்சையாக ஒரு பொட்டு தெரிந்தது. நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். நான் உங்கள் உயரம் வளர்ந்திருந்தேன், அதனால் இரண்டு பேரும் துளசிச் செடிமேல் விழுந்தோம்.

பிறகு காக்கூ வந்தாளே, அந்தச் சண்டை! ரோஜா இலையெல்லாம் பிறை பிறையாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மராத்தியிலும் இந்தியிலும் கத்தினாள். நம் வீட்டுப் பிள்ளைதான், அதாவது நான்தான், விளையாட்டுக்கு வெட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மருந்துப் பொடி தூவப் போகிறேன் என்றாள். உங்களுக்குத் தெரிந்த இந்தி அரிசிக் கடையில் பேசுகிற அளவுதான். ஆனால் பொடி என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போய் நின்றீர்கள்.

"ஹம் நஹி காட்தா. மக்கி காட்தா. ஏ மக்கி லேடீஸ். பச்சா கே வாஸ்தே!"

நாங்கள் வெட்டவில்லை, ஈ வெட்டுகிறது, அது பெண், பிள்ளைக்காக வெட்டுகிறது. காக்கூ வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம், "லேடீஸ் மக்கி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொடி தூவவில்லை. அன்றிலிருந்து உங்களுக்கு 'மக்கிவாலி', ஈக்காரி, என்று பெயர் வைத்தாள். நீங்கள் ஊருக்குப் போன பிறகும் பல நாள் வேலியோரம் வந்து, மக்கிவாலி எப்போது வருவாள் என்று என்னைக் கேட்டாள். இப்போது கேட்பதில்லை.

பூட்டுத் துளையிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடைப்பைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து பறந்தன. கடைசி ஒன்று போனதும் துளையைக் குடைந்து சுத்தம் செய்து, வேறு தேனீ வராதபடி, பூட்டாத நேரத்தில் துணியைத் திணித்து வைத்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு தாதர் கடற்கரைக்குப் போனோம், எல்லாருமாக. சித்தப்பா உங்களுக்கு பேல் பூரி வாங்கித் தந்தார். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தின்றீர்கள். சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. நடக்கும்போது அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள்.

நல்ல நாட்கள் அவ்வளவுதான், சித்தி. மற்ற நாட்களையும் நான் பார்த்திருக்கிறேன். மாதத்தில் மூன்று நாள் நீங்கள் தாழ்வாரத்து மூலையில் தனித் தட்டோடு உட்காருவீர்கள். அம்மா காப்பியைக் கொண்டுவந்து கொஞ்சம் தள்ளி வைப்பாள். சித்தப்பா உங்களைப் பார்க்காமல் ஆலைக்கு டிராம்பே பஸ் பிடிக்கப் போய்விடுவார். நீங்கள் தூணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே மூங்கில்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருக்கும். ஒருமுறை நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, "அதுக்கு நம்ம வீட்டுக் கதை ஒண்ணும் தெரியாதுல்லா?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "அதான் நல்லாருக்கு" என்றீர்கள்.

கோடை விடுமுறையில் அத்தை வந்தாள். தாழ்வாரத்தில் காலை வைத்ததுமே தூணைப் பார்த்துவிட்டாள்.

"ஏ அம்மா! இத்தன கூடா? ஒண்ணு கட்டுனாலே பிள்ளை. இதப் பாத்தா இரட்டப் பிள்ளைதான்!"

நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். இன்னும் ஒரு வருஷம் வேண்டுமானாலும் பொறுப்போம் என்று அவளே சொன்னாள். அப்பா சிரித்தார். சித்தப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். ஆனால் அத்தை மூங்கிலின் வாயை நகத்தால் சுரண்டினாள். காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மண்ணக் காணோமே? ஏ புள்ள, நீதான் எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்க. நீ பொய் சொல்ல மாட்ட. சொல்லு, இது குளவிதானே?"

ஆம் என்று சொல்லத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வேறு யாரும் அப்போது என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல மதினி" என்றீர்கள். "இது குளவி இல்ல. தேனீ. எலையத்தான் கொண்டு வரும்."

குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னீர்கள்.

"அப்போ கதவுல கட்டுனது?"

"அதுவும் இதுதான்."

"இத்தன நாளா எங்கள ஏமாத்திட்டா இருந்த?"

"நான் குளவின்னு சொல்லவே இல்லையே மதினி. நீங்கதான சொன்னிய."

அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். நாம் இரண்டு பேரும்கூட அவரைத்தான் பார்த்தோம். அவர் மடித்து வைத்த செய்தித்தாளை மறுபடி விரித்தார்.

கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வரட்டும், உடம்பு தேறட்டும் என்று முடிவு செய்தார்கள். உங்கள் உடம்புக்கு என்ன என்று நான் கேட்டதற்கு அப்பா, "பெரியவங்க பேச்சுல நீ வராத" என்றார். தாதர் ஸ்டேஷனில் அத்தனை கூட்டத்தில் ஜன்னல் கம்பிக்கு நடுவில் கையை நீட்டி என் பின்னலைப் பிடித்தீர்கள். "மழை வரப்போவுது. சாரல் அடிச்சா ஒரு சாக்கு கட்டிரு. நனஞ்சா உள்ள பூசணம் பிடிச்சிரும்" என்றீர்கள். சித்தப்பா தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் தந்தி வந்தது. மஞ்சள் காமாலை என்று பிறகு கடிதத்தில் எழுதினார்கள். பத்தியம் இருந்தீர்களாம், கீழாநெல்லி கொடுத்தார்களாம். கடைசி வாரத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லையாம். சித்தப்பா ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார். அவர் உங்களைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மூங்கிலுக்குச் சாக்கு கட்டியிருந்தேன். அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தாயிற்று. தையில் கல்யாணம். நாசரேத் பக்கம் ஏதோ ஊராம். போன ஞாயிற்றுக்கிழமை அத்தை, அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பார்க்க வந்தாள். உங்கள் அறைதான், சித்தி. ஜன்னல் சட்டத்தில் பழைய ஆணி பிடுங்கின துளை ஒன்று உண்டே, அது பச்சையாக அடைபட்டிருந்தது. அத்தை கையைத் தட்டினாள்.

"பாத்தியளா! பொண்ணு வரதுக்கு முன்னாலயே குளவி வந்து சொல்லிட்டு!"

மறந்துவிட்டாளா? அவள் மறக்கவில்லை. ஞாபகம் இருந்தும் அவளுக்கு மறுபடி குளவி தேவைப்பட்டது.

"அத்தை, இது அதேதான்" என்றேன்.

"எது?"

"போன தடவ நீங்க சுரண்டிப் பாத்தது. தேனீ. இலை வெட்டுற தேனீ. இது யாருக்கும் எதுவும் சொல்ல வராது."

"சும்மா கெட! நல்ல காரியம் பேசும்போது இவ ஒருத்தி. அது வேற, இது வேற. இது குளவிதான்."

நீங்கள் பேசின மாதிரி பேச வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "அவ சொல்லுதது சரிதான் மதினி. அது தேனீதான்."

அம்மா கையில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டுல கட்டும்போதே தெரியும். எலைய இடுக்கிட்டு வந்தத ரெண்டாம் நாளே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா என்னைய மஞ்சக் குங்குமம் வைக்க விட்ட?"

"ஆமா மதினி" என்றாள் அம்மா.

அத்தை காப்பி குடிக்காமல் போய்விட்டாள். அப்பா பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே ஓடினார்.

நான் சமையலறைக்குப் போய் அம்மாவின் எதிரில் நின்றேன். எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

"அன்னைக்கு ஏம்மா சொல்லல? சித்தி தனியா நிக்கும்போது?"

"குளவின்னே இருந்துட்டுப் போட்டும்னு நெனச்சேன். அவளுக்கு ஒரு வருஷம் கூடக் கெடைக்குமேன்னு. அவ இப்படிப் பட்டுன்னு சொல்லுவான்னு நான் கண்டனா? அவ சொன்ன பெறகு எனக்கு வாயே வரல."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டச் சொன்னியளா?"

நாலு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், சித்தி. அந்தச் சிறிய வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி வளைய வந்த நாம் மூன்று பேரும் ஒரே ரகசியத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காத்து வந்திருக்கிறோம். மூன்று பேரும் உங்களுக்காகவே. முன்னமே ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் அன்று தாழ்வாரத்தில் அம்மா உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருப்பாளா? நின்றிருந்தால் சித்தப்பா செய்தித்தாளைக் கீழே வைத்திருப்பாரா? தெரியவில்லை. எந்தப் புத்தகத்தில் பார்ப்பது என்றும் தெரியவில்லை. உங்கள் "இல்ல மதினி" மட்டும் என்னிடம் இருக்கிறது. எதையாவது சொல்லப் பயமாக இருக்கும்போது அதைக் கேட்டுக்கொள்கிறேன். என் குரல் அப்படி வர இன்னும் நாளாகும்.

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே மறுபடி பேசினாள். "அந்தப் பொண்ணு வந்த அன்னைக்கே சொல்லிருவோம். நீ தனியாப் போய் நிக்காத. சேந்தே சொல்லுவோம்."

"என்னன்னு சொல்ல?"

"ஜன்னல்ல இருக்கது தேனீன்னு. அதப் பாத்து நீ பயப்படவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்னு." கொஞ்சம் யோசித்தாள். "ஒன் சித்தியப் பத்தியும் சொல்லுவோம். இந்த வீட்டுல இன்னார் இருந்தான்னு."

தந்தி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் உங்களை 'அவ' என்றுதான் சொல்கிறார்கள். அதுவும் வேறு வழியில்லாதபோது மட்டும். அம்மா கைத்துணியைக் கீழே வைத்தாள். சித்தப்பா முன்னறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அம்மா உங்கள் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், முழுப் பெயரையும், முன்னறைக்குக் கேட்கும்படி.